இரண்டேகால் ஷில்லிங்

ஃபால்மவுத் துறைமுகத்தில்
பகலெல்லாம் பல் பிடுங்குகிறேன்.
இரவில் அட்மிரல்களைப் படிக்கிறேன்.

முதலில் பெரிய பெயர்களாகத்தான் வாங்கினேன்.
ஒருவர் உப்பிட்ட இறைச்சியில் புழு என்று ஏழு பக்கம்.
இன்னொருவர், போர் முடிந்த அன்றே,
சலவைக்குப் போன காலுறை திரும்பவில்லை என்று.
விலை கையொப்பத்துக்கு.
புழுவுக்கும் காலுறைக்கும் யாரும் சல்லிக்காசு தருவதில்லை.

போன மார்ச்சில் ட்ரூரோ ஏலத்தில்
நூற்றுப் பதினெட்டாம் எண்:
பிரிக்கப்படாத கடிதம், 1811, மால்டாவிலிருந்து.
அனுப்பியவர் ஜேபெஸ் ஹாக்கிங்,
போர்க்கப்பலில் பீரங்கிப் பொறுப்பாளர்.
பெறுநர் மனைவி தாமசின், மெவகிஸி.
ஹாம்பர்க்கிலிருந்து ப்ரோக்மான்
தொலைபேசியில் ஏற்றிக்கொண்டே போனார்.
நானும் விடவில்லை.
கார் மாற்ற வைத்திருந்த பணம்.
பழைய கார் ஓடுகிறது, இருமிக்கொண்டு.

உள்ளங்கை அளவு.
அரக்கு உடையவில்லை.
கொள்ளைநோய்க்குப் பயந்த எவனோ
உளியால் இரண்டு கீறல் போட்டு,
காடியில் தோய்த்து, புகை காட்டி அனுப்பியிருக்கிறான்.
மூக்கருகே கொண்டுபோனால்
லேசாகப் புளிக்கிறது,
அல்லது புளிப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

முன்பக்கம் தபால்காரரின் தடித்த மை:
இரண்டு ஷில்லிங் மூன்று பென்ஸ்.
அன்று வாங்குகிறவர்தான் கட்டவேண்டும்.
அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. மறுத்துவிட்டார்.

வறுமை என்றது ஏலப் பட்டியல்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
முகவரி அவன் கையெழுத்து.
ஆகவே அவன் இருக்கிறான்.
இருக்கிறான் என்கிற ஒரு சொல்லுக்கு
எதற்கு இரண்டேகால் ஷில்லிங்?
கையில் வாங்கி, ஒருமுறை புரட்டி,
தபால்காரரிடமே நீட்டிவிட்டு,
அந்தக் காசில் மாவு வாங்கியிருப்பாள்.

அவன் எழுத்துதான், சந்தேகமில்லை.
அவனுடைய வெடிமருந்துக் கணக்கொன்று என்னிடம் உண்டு:
நாற்பத்தொரு பீப்பாய், இரண்டு நனைந்தவை.
அதே ஹெச், தொழுவத்துப் படல்போல.
ஒரு எழுத்தும் சாயாது.
எல்லாம் காவலுக்கு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்கைப் பூட்டியபின்,
வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியை
முதல் கீறலில் நுழைத்தேன்.
கடைவாய்ப் பல்லின் பின்புறமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு
இடவலம் மாறிய எழுத்து ஒன்றும் புதிதல்ல.
வெங்காயம்.
தனியறையில் சத்தமாகச் சிரித்தேன்.

இரண்டாவது கீறல்.
விளக்கைச் சாய்த்தேன்.
அவர்.

நான் என்று இல்லை.
அவர்.

கண்ணாடியில் இடம் சாய்ந்தால் தாளில் வலம்.
சாய்கிறது.
படித்தவன் கை. அவசரமில்லாத கை.
வேறு கை.

வேலையில்லாத ஒரு மதியம்
நாலைந்து தாளில் முகவரி மட்டும்
எழுதி வைத்திருப்பான் ஹாக்கிங்.
மீந்ததில் ஒன்றை யாரோ எடுத்திருக்கிறார்கள்.
கை அடிபட்டிருக்கலாம்.
ஆனால் சொல்லச் சொல்ல எழுதியதென்றால்
நான் என்றுதானே வரும்?
அந்த அவர் கப்பல் தலைவராக இருக்கலாம்.
சமையற்காரராகக்கூட இருக்கலாம்,
வெங்காயம் இருக்கிறதே.

ப்ரோக்மான் எழுதுகிறார்:
பிரிக்காதிருந்தால் மும்மடங்கு தருகிறேன்.
பிரித்துவிட்டீர்களென்றால்
உள்ளே என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

கண்ணாடியைக் கழுவிக் கொதிநீரில் போட்டேன்.
நாளை ஒன்பது மணிக்கு ஒரு ஞானப்பல்.
அரக்கின் மேல் கட்டைவிரலை வைத்தேன்.
என் சூட்டில் இளகிவிடுமோ என்று எடுத்தேன்.

மெவகிஸியில் ஒருத்தி
மாவுப் பையோடு மேடேறிக்கொண்டிருக்கிறாள்.
மூச்சு வாங்குகிறது. நிற்கிறாள்.
கடலைப் பார்க்கிறாள்.
இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.