நூற்றி அறுபத்தெட்டு மணி நேரம்

பணகுடிக் காற்றாலையில்
எண்பது மீட்டர் ஏறி
பல்சக்கரப் பெட்டியின் மூடியைக் கழற்றுவது
என் வேலை.
பதினாறு போல்ட்டு.
ஒன்றுகூட நீ யார் என்று கேட்டதில்லை.

வள்ளியூரில்
பதினாலாயிரத்து ஐநூறு எண்ணிக் கொடுத்து வாங்கிய போன்
கேட்கிறது.

ராத்திரி ரெண்டு மணிக்கு
ரம்மி ஆட வா என்று கூப்பிடும் செயலியை
எடுக்கணும், அவ்வளவுதான்.
பூட்டைத் திறக்க விண்ணப்பித்தேன்.
நூற்றி அறுபத்தெட்டு மணி நேரம் பொறு என்றது.
பொறுத்தேன். ஆனிக் காற்று
தகரத்தையெல்லாம் பிய்த்துக்கொண்டிருந்தது.
நூற்றி அறுபத்தேழாவது மணியில்
ஒரு அப்டேட்:
இந்த வசதி இனி இல்லை.
தங்கள் பாதுகாப்புக்காக.

கடைக்கார அருளப்பன் சிரித்தார்.
“உமக்கு மட்டுமா வே?
காலையிலருந்து நீரு பதினோராவது ஆளு.
ஒருத்தரு கோவத்துல ஓடையில எறிஞ்சிட்டாரு.
சாயங்காலம் வந்து
அதே கம்பெனியில புதுசு வாங்கிட்டுப் போறாரு.”

நான் எறியவில்லை.
பில்லை விரித்துப் பார்த்தேன்.
உரிமையாளர் என்றொரு கட்டமே இல்லை.
வாடிக்கையாளர்: சு. மாசானமுத்து.

மறுநாள் காற்று அடங்கிய நேரம்,
மேலே,
கழற்றிய மூடியை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் சும்மா இருந்தேன்.
கையெல்லாம் கிரீஸ்.
பையில் அது அதிர்ந்தது.
ரம்மி.