நாலு படகு

பழைய பெட்டியில் ஆடியபோது
ஒரே டிவியை நாலாக வெட்டிக்கொள்வோம்.
அடுத்தவர் கட்டத்தை எட்டிப் பார்க்கக் கூடாது.
எட்டிப் பார்த்தே ஜெயித்தாள் திலகா,
பிளஸ் டூ முடிக்கும் வரை.

இது வேறு.
சிங்கப்பூரிலிருந்து அத்தான் கொண்டுவந்தது.
ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் உள்ளங்கை அகலத் திரை.
டிவியில் கடல் மட்டும்.
நாலு படகு. கடல் பொது.
படகுக்குள் இருப்பது அவரவர் கையில்:
எவ்வளவு தங்கம், எங்கே ஓட்டை,
தண்ணீர் எந்த மட்டம்.
சொல்லலாம், சொல்லாமல் இருக்கலாம்.
பொய்யும் சொல்லலாம், ஆட்டம் தடுக்காது.

ஞாயிறு. மஞ்சக்குப்பம் வீடு.
நாளை பத்தரைக்கு சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன்.
அளந்தவர்கள் போட்ட சுண்ணாம்புக் கோடு
கூடத்தைக் கடந்து
டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய் நுழைகிறது.
பங்கைப் பிரித்துக் கொடு என்றது அண்ணன்தான்.
ஏனென்று சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை,
சண்டை மட்டும் போட்டோம்.

பேசாமல் இருப்பதற்கு
ஆட்டம் வசதியாக இருந்தது.

"எனக்குத் தண்ணி ஏறுது" என்றாள் கோமதி.
பொய். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
"கல்லைக் கட்டிப் போட்டாலும் நான்
கரையேறவிட்டகுப்பத்துலதான் ஒதுங்குவேன்"
என்றாள் திலகா.
"எனக்கு ஒரு பிரச்னையும் இல்லை"
என்றது அண்ணன்.

கரெண்ட் இறங்கி டியூப்லைட் மங்கியது.
அப்போதுதான் அதன் மூக்குக் கண்ணாடியில் பார்த்தேன்.
வில்லைக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு.
கழுத்து வரை தண்ணீர்.
தங்கம் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் சதுரம்.
இடம் வலம் மாறித் தெரிந்தாலும்
சிவப்பு சிவப்புதான்.

நான் எட்டிப் பார்க்கவில்லை.
அது எதிரே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குளித்த பிறகும் போகாத
சிப்காட் வாடை
அதன் சட்டையில் இல்லை.
எத்தனை மாதமாக இல்லை?
ஏழே காலுக்கு டிபன் பாக்ஸோடு
கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவது மட்டும்
மாறவே இல்லையே.

கயிறு வீசும் பட்டனை அழுத்தினேன்.
வீசினால் நம் தங்கத்தில் பாதி கடலுக்குப் போகும்.
என் படகிலிருந்து அதன் படகுக்கு
மஞ்சளாக ஒரு கோடு,
டிவியில், எல்லோரும் பார்க்க.

"எதுக்குடா?"
"கை தவறிப் பட்டுடுச்சு."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச்
சட்டை நுனியில் துடைத்தது.
துடைத்ததையே துடைத்தது.

திலகாதான் ஜெயித்தாள்.
பரோட்டா வாங்கப் போக வேண்டியது நான்.

சார்ஜ் போட நாலு கன்ட்ரோலர்,
சுவரில் மூன்று பிளக்.
தன்னுடையதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு
அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனது.
பேட்டரி தீரப்போகிற சிவப்பு
ஓரத்தில் கசிந்து
சுண்ணாம்புக் கோட்டின் மேல்
கொஞ்சம் அந்தப் பங்கிலும்
கொஞ்சம் என் பங்கிலும்
விட்டு விட்டு எரிந்தது.

"பத்தரை, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் கோமதி.

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து
என்னுடையதைப் பிடுங்கிவிட்டு
அதைச் செருகினேன்.