கால் பங்கு

சிலேத்தார் விமானக் கூடத்தின் மூலையில்
மூக்கைத் தரையில் ஊன்றி
மண்டியிட்டிருக்கிறது.
காப்பீட்டுக்காரன் நான்.
என் வேலை விலை சொல்வது.

முதலில் ஏடுகள்.
ஈரம் ஏறிய ஆறு பதிவேடுகள்,
ஒன்றன் அட்டையில் கோப்பி வட்டம்.
எழுபத்து நான்கில் பெட்டிக்குள் மடங்கிக்
கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது,
பறப்பதற்கென்று செய்த பொருள்.
பறக்கும் கழகம் ஒன்று ஒன்பது ஆண்டு
கற்றுக்குட்டிகளைக் கொண்டு
தரையை அதற்குப் பழக்கியது.
‘பலத்த இறக்கம். சோதித்தேன். குறையில்லை.’
அதே வரி பதினேழு முறை.
மையின் நிறந்தான் மாறுகிறது.

பிறகு காத்தோங் பல் மருத்துவர் பெஸ்தானா.
சனிக்கிழமைதோறும் தியோமான்.
குறிப்புப் பத்தியில்
மழையைத் தவிர வேறெதுவும் எழுதாதவர்:
தூறல். கனமழை. தூறல். தெற்கே மின்னல்.
கண் பரிசோதனையில் தேறாத மாதம்
விற்றுவிட்டார்.
விற்ற தேதிக்குக் கீழே, தேவையே இல்லாமல்,
‘வானம் தெளிவு.’

மூன்றாவது உரிமையாளர் திருமதி கோ சியூ லான்.
கப்பல்களுக்குக் கயிறும் சோப்பும் காய்கறியும் ஏற்றிய கணவர்
வரிக்காகவோ வேறெதற்காகவோ
மனைவி பெயரில் எழுதி வாங்கியது.
அந்த அம்மாள் ஒரு தடவைகூட ஏறியதில்லை.
தொலைபேசியில் கேட்டேன்.
“எனக்கா? எது என்னுடையது?” என்றார்.

அதன்பின் நான்கு பேர்.
ஆளுக்குக் கால் பங்கு.
கூட வாடகை, எண்ணெய், ஆண்டுச் சோதனை,
எல்லாம் நான்காய் மடித்த கணக்கு.
யார் பறந்தது, யார் எரிபொருள் நிரப்பாமல் விட்டது என்று
ஓரமெங்கும் பென்சில் சண்டை.
கடன் வைக்காதவர் மாசிலாமணி ஒருவர்தான்,
கப்பல் பட்டறையில் மின்வேலை.
அவர் போனபின் அவருடைய கால்
மகளுக்கு வந்தது.

இளவெயினி. முப்பத்தொரு வயது.
உரிமம் பெற்று ஏழு மாதம்.
மற்ற மூவரும் விற்றுவிடலாம் என்று பேசிய வாரம்,
சும்மா ஒரு சுற்று என்று ஏறியிருக்கிறாள்.
நீரிணைப் பக்கம் திரும்பி இறங்குகையில்
மேற்கிலிருந்து காற்று குறுக்கே வந்தது.
முதல் குதிப்பு சிறியது.
இரண்டாவது அதைவிடப் பெரியது.
மூன்றாவதில் முன்சக்கரக் கால் ஒடிந்து
சுழலி ஓடுபாதையைக் கொத்தியது.
வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.
அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நால்வரில் அவள் மட்டும் வந்தாள்.
ஒடிந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு,
“நாலுல ஒண்ணு என்னோடது.
உடைஞ்சது என் கால்தானா சார்?” என்றாள்.
சிரிப்பதா என்று தெரியாமல்
படிவத்தைப் பார்த்தேன்.
நாலில் ஒன்று கால்.
ஊன்றி நிற்பதும் கால்.
பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்று பேர்.
மூன்றும் ஒரே நொடியில்
ஓடுபாதையின் முதல் முந்நூறு மீட்டருக்குள்
சந்தித்துக்கொண்டிருக்கின்றன.
படிவத்தில் காரணத்துக்கு
ஒரே ஒரு கட்டம்.

“விசையைக் கூட்டினீங்களா?”
“ஞாபகமில்ல. உறைஞ்சு போயிட்டேன்னுதான் நினைக்கிறேன்.”
பங்காளிகள் மூவரும் அதையேதான்
மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள்,
இன்னும் சுருக்கமாக.

குனிந்து சுழலியைப் பார்த்தேன்.
இயந்திரம் ஓய்ந்திருந்தால்
அலகுகள் பின்னால் சாயும்.
இவற்றின் நுனிகள் இரண்டும்
முன்னோக்கிச் சுருண்டிருந்தன,
முழு விசையில் சுழன்ற உலோகம்
சுருளும் விதமாக.

இவள் உறையவில்லை.
மூன்றாவது குதிப்பில்
மறுபடி ஏறப் பார்த்திருக்கிறாள்.
அரை நொடி போதவில்லை.

சொன்னேன்.
சுருண்ட நுனியை விரலால் தடவினாள்,
மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக.
கையில் கறுப்பு ஒட்டியது. துடைக்கவில்லை.

“சரிபண்ண எவ்வளவு ஆகும்?”
அதன் விலையைவிட அதிகம் என்றேன்.

“அதுல கால்வாசி?”

கணிப்பானைத் தேடிப்
பையைத் திறந்தேன்.