தக்கை

ஒர்ஹேய் ஊர் மழலையர் பள்ளியில்
நாற்காலிகள் எங்கள் முழங்காலுக்கும் கீழே.
பன்னிரண்டு தாய்மார்
கோட்டைக் கழற்றாமலே குந்தியிருந்தோம்.
திராட்சை பறிக்கும் வாரம்.
எல்லார் நகக்கண்ணிலும் கருநீலம்.

நர்ஸ் அக்சீனியா பையிலிருந்து எடுத்தது
ஒரு கை இல்லாத ரப்பர் குழந்தை.
அதன் தொண்டையில்
ஒயின் பாட்டில் தக்கையை நறுக்கி ஒரு துண்டு செருகினாள்.
"இதற்கு ஏழு மாதம். இப்போது மூச்சில்லை" என்றாள்,
வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல.

இருமினால் இரும விடுங்கள். காற்று போய் வருகிறது.
அழுதால் சிலுவை போட்டுக்கொள்ளுங்கள்.
வாய் திறந்திருக்கும், ஒன்றும் வராது பாருங்கள்,
அந்த அமைதிக்காகத்தான் நான் பஸ் ஏறி வந்திருக்கிறேன்.
கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதீர்கள்.
கதவுக்குத் தாழ் போடுவதே அந்த விரல்தான்.

பிறகு காட்டினாள்:
முன்கைமேல் குப்புற, தலை தாழ,
தாடையைத் தாங்கும் விரல்கள்,
தோள்பட்டைகளுக்கு நடுவே
உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து.
வராவிட்டால் மல்லாத்தி
நெஞ்சின் நடுவில் இரு விரலால் ஐந்து அழுத்தம்.
மறுபடி ஐந்து. மறுபடி ஐந்து.
அதற்குள் வேறொருத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஸ்தெலியானாவின் முறை.
அவள் தட்டியது ஏப்பம் வரவைக்கும் தட்டு.
"இன்னும் பலமாக."
"என் அப்பா அடித்த அடியே போதும்.
பிள்ளைமேல் கை ஓங்குவதில்லை என்று
சத்தியம் செய்திருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.
அக்சீனியா பொம்மையின் உதட்டை
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், தேவைக்கு அதிகமான நேரம்.
"அடிக்கிறவன் முகத்தைப் பார்த்து அடிப்பான்.
இங்கே முகம் தரையைப் பார்க்கிறது.
நீ கதவைத் தட்டுகிறாய், பெண்ணே.
உள்ளே ஆள் இருக்கிறது."

நான்காவது தட்டில் தக்கை பறந்து
ஜன்னலில் பட்டு
யாருடைய பூட்ஸுக்குள்ளோ விழுந்தது.

வீட்டில்
திராட்சையை நீளவாக்கில் நான்காக வகுந்தேன்.
விதை நீக்கினேன். அரை மணி நேரம்.
பத்து மாத மகன் தட்டைக் கவிழ்த்தான்.
கவிழ்க்கட்டும்.

இரவு பதோவாவிலிருந்து வலேரியு அழைத்தான்.
சாரம் கட்டுகிற ஆறு ஆண்கள், ஓர் அறை.
"தலையணையை எடு" என்றேன்.
"இங்கே எனக்கு ஏது பிள்ளை?"
"எடு. நீ போகிற பேருந்தில்
யார் பெற்ற பிள்ளையோ
எதையோ தின்றுகொண்டிருக்கும்."

எடுத்தான். குப்புறப் போட்டான்.
வெட்கத்தோடு எண்ணினான்: ஒன்று, இரண்டு.
மேல்கட்டிலிலிருந்து,
தூங்குவதாக நாங்கள் நினைத்த ஒருவரின் குரல்:

"தலை இன்னும் கீழே.
இன்னும் கொஞ்சம் கீழே."

அவர் பெயர் மட்டும்தான்
அன்றுவரை வலேரியுவுக்குத் தெரியும்.