பில் புத்தகத்தில் செண்டுமல்லி

கோரிமேட்டில் ஏற்காடு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே
பூச்சிமருந்துக் கடை.
லைசென்ஸ் என் பெயரில்,
கல்லாச் சாவி மாமனார் இடுப்பில்.

ஐப்பசி. மூன்று நாளாக மலையையே காணோம்.
முதல் பஸ்ஸில் இறங்கியவர்
குடையை மடக்காமல் உள்ளே வந்து
தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

விரல்நகத்தளவு பச்சைப் புழு.
பயணத்தில் தூங்கிவிட்ட குழந்தைபோலச் சுருண்டு கிடந்தது.
வழியில் தின்ன,
பக்கத்தில் ஒரு பூத்துணுக்கு.

"என்ன பயிர்?"
"செண்டுமல்லிங்க."

பெட்டியிலிருந்து கிளம்பிய வாசனை
செண்டுமல்லியைக் கேள்விப்பட்டதேயில்லை.
கல்லூரியில் ஆண்கள் விடுதிப் பின்சுவரைக்
கடக்கும்போதெல்லாம் வந்த வாசனை அது.
நான் மூக்கைத் தேய்த்தேன்.
அவர் காலண்டரைப் படித்தார்.

"அறுப்பு?"
"பத்து நாள் இருக்குதுங்க.
வெளியே பாத்தா பூ கணக்கா நிக்குது.
பிரிச்சா உள்ளே குடித்தனம்.
கடுகு கொட்டினாப்புல எச்சம்,
அதுமேல மூடுபனி எறங்கி
அழுகிக்கிட்டே வருது அம்மிணி."

எத்தனை செடி என்று கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவார்,
அப்புறம் எனக்கும் தெரிந்ததாகிவிடும்.

தக்காளிக்குப் புழு வந்தால்
ஆபீசர் ஜீப்பில் வருவார், குனிந்து பார்ப்பார்.
இவர் செடியைப் பார்க்க ஜீப் வந்தால்
அது வேறு ஜீப்.

ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கினாராம்.
கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி
நின்று, யோசித்து, போனதாம்.
அதோடு டார்ச்சை விட்டாச்சு.
விடியலில் பொறுக்கினால்
புழுவுக்கு இலை நிறம்,
கண்ணுக்கு அறுபத்தொரு வயது.

அலமாரியைக் காட்டினார்.
"அந்தச் சிவப்பு முக்கோணத்தைக் குடுங்க."
"அடிச்சா பதினஞ்சு நாள் காத்திருக்கணும்."
"பூவைத் தின்னப் போறதில்லைங்களே."
"தெரியும்."

வாய் தவறி வந்துவிட்டது.
தகரக்கூரையில் மழை மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

பெங்களூரில் என் தம்பி கதிர்வேந்தன்
ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் போன் பேசுவான்.
இருமுவான்.
தூசி அக்கா, என்பான்.
கத்திரிக்காயைக் கழுவித் தின்னலாம்.
புகையை
எந்தத் தண்ணியில் கழுவ?

"ஸ்டாக் இல்லீங்க," என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு புட்டிகள்.
அவரும் எண்ணியிருப்பார்.
அவருடைய செண்டுமல்லியும் என் காலி அலமாரியும்
கல்லாமேல் அருகருகே
மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

"கையாலதான் எடுக்கணுமா?"
"கையாலதான்."
"கை ரெண்டுதானுங்க இருக்கு."
அதற்கு எந்தக் கம்பெனியும் மருந்து போடவில்லை.

சின்னக் கத்தரி ஒன்று வாங்கினார், பூதக்கண்ணாடி ஒன்று.
பில் போட வேண்டும்.
"பேர்?"
கண் மறுபடி காலண்டருக்குப் போனது.
"நரசிம்மன்."
"ஊர்?"
"மேலே."
பயிர் என்ற கட்டத்தில்
கை நடுங்காமல் எழுதினேன்: செண்டுமல்லி.
கார்பன் தாளும் அதை நம்பியது.

தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.
கொல்லவும் தோன்றவில்லை, கொல்கிற கடையில்.
தக்காளி இலை கிள்ளிப் போட்டேன்,
தின்றது. எதிர்வீட்டுச் செம்பருத்தி மொட்டு,
அதையும் தின்றது.
ஒரு நாள் பழுப்பு மாத்திரையாக மாறி
எதுவும் வேண்டாமென்று படுத்துவிட்டது.

கார்த்திகை பிறந்து, ஒரு சாயங்காலம்,
மாமனார் கணக்குப் பார்க்கையில்
மங்கலான ஓர் அந்து
டியூப்லைட்டைச் சுற்றியது.
"எங்கிருந்து வந்துச்சு இது?"
"மேலேயிருந்து," என்றேன்.

அது சிவப்பு முக்கோணத்தின்மேல்
ஒரு நிமிடம் உட்கார்ந்தது,
காலைத் துடைத்துக்கொண்டது,
கடைசி பஸ்ஸின் ஹாரனுக்குச்
சட்டென்று எழுந்து
மலை இருக்கவேண்டிய இருட்டுப் பக்கமாகப் போனது.

அந்த ஆள் திரும்ப வரவில்லை.
பன்னிரண்டு புட்டியும் இருக்கின்றன.