விட்டால் நூறு

நான்கு பொத்தான்கள், நடுவில் ஒன்று.
அந்தச் சின்னக் கருவி தந்த இடம் அவ்வளவுதான்.
இடம் வலம் வேகத்துக்கு,
மேல் கீழ் சுருதிக்கு
என்று எழுதி முடித்து
பந்தயத்தில் வென்றவன்போல் காப்பி போட்டேன்.
வோஸ் ஊரில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.

ரக்னில் வந்தாள். காலையில் தபால் வண்டி ஓட்டுபவள்,
மாலையில் ஹார்டாங்கர் பிடில்.
கையுறையைக் கழற்றவில்லை.
"ரயில் நிலையத்தில் இப்படித்தான் கேட்பேன்."
ஒரு கட்டைவிரல் இரண்டு பொத்தான்களை நசுக்கியது.
பாட்டு அணிலாய்க் கீச்சிட்டு
கரடியாய் இறங்கி வந்தது.

"இப்போ நான் எங்கே இருக்கேன்?"
திரையில் 87.43.
எதில் எண்பத்தேழு?
வேகத்திலா, சுருதியிலா, இரண்டிலுமா?
எழுதியவன் நான்தான்.
பதில் சொல்ல நிரலைத் திறந்து பார்க்கவேண்டியிருந்தது.

அவளிடம் ஒரு பழைய ஒலிநாடாப் பதிவு.
யாரோ ஒருவர் சமையலறையில் வாசித்தது,
நடுவில் கெட்டில் கொதிக்கிறது.
அன்றைய மோட்டார் சோம்பேறி போலும்:
பதிவின் சுருதி எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை.
"ஒரு படி ஏத்தினா தாண்டிப் போகுது,
இறக்கினா எட்டல.
உன் படிக்கட்டு என் காலுக்கு அளவெடுத்ததில்லை."

அரைச்சுரத்தை நூறாக நறுக்கினேன்.
சுருதி மாறாமல் வேகம் குறைக்க
ஒலியை வெங்காயம்போல் சன்னமாக அரிந்து
சில துண்டுகளை இரண்டு முறை பரிமாறினேன்.
முப்பத்தைந்துக்குக் கீழே
வில்லின் இழுப்பு ஆலங்கட்டியாய் உடைந்தது.
அங்கே கதவைச் சாத்தினேன்.
திரையில் எண்ணுக்கு முன்னால்
'வேகம்' என்று எழுத
எனக்கு ஒன்பது நாளாயிற்று.
நடுப் பொத்தான்: எங்கே தொலைந்தாலும்
வீட்டுக்கு வர ஒரே அழுத்து.

போதும் என்றேன்.
"இன்னொன்று" என்றாள்.
அவளும் நாத்தனார் குட்வேகும்
பெர்கன் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து
ஆளுக்கொரு கருவியில் ஒரே மெட்டைக் கேட்பார்களாம்.
குட்வேக் எப்போதும் கண்ணிமைப்பொழுது பிந்தித் தொடங்குவாள்.
"அழுத்துற வரைக்கும் கொஞ்சம் வேகமா ஓடணும்,
விட்டா பழையபடி நூறு."
பட்டியலில் இல்லையே என்றேன்.
"என் பட்டியல்ல இருக்கு."

சனிக்கிழமை நானும் அந்த ரயிலில்.
மூன்று, இரண்டு, ஒன்று.
ஸ்ப்ரிங்கார்: மூன்று தட்டு,
மூன்றும் ஒரே நீளமில்லை,
அதைக் காலால்தான் எண்ண முடியும்.
இருக்கைக்கு அடியில் இரண்டு ஜோடி பூட்ஸ்
ஒன்றையொன்று துரத்தின.
குட்வேக் முந்துவதற்காக அழுத்தினாள்.
ரக்னிலோ அவளுக்காகப் பிந்துவதற்கு அழுத்தினாள்.
குறுகலான நடைபாதையில்
ஒரே பக்கம் விலகி விலகி வழிமறிக்கும் இருவர்போல
இருவரும் ஒருவரையொருவர் கடந்து போனார்கள்.
சிரிப்பு. மறுபடி அழுத்து. மறுபடி கடந்தார்கள்.

இதற்கு நான் எந்தச் சோதனையும் எழுதியிருக்கவில்லை.

சுரங்கப் பாதைக்குள் ரயில் நுழைந்தபோது
யாரோ ஒருத்தி விரலை எடுத்தாள்.
யார் என்று தெரியவில்லை.
எனக்கு இசை ஒரு துளியும் கேட்கவில்லை,
சக்கரச் சத்தம் மட்டும்.
ஆனால் நான்கு குதிகால்களும்
ஒன்றாய் விழுந்தன,
உருகிய பனிச்சேற்றை
என் கால்சட்டைமேல் தெளித்தபடி.