பதினைந்து நிமிஷக் கண்

கோணம் தொழிற்பேட்டையில், வலைக் கம்பெனியில்
சம்பளம் எழுதுகிறவன் நான்.
எழுதுவது என்பது பழைய வார்த்தை.
விரல் வைக்கிற மிஷின் நேரத்தைத் தரும்,
கம்ப்யூட்டர் பெருக்கும்,
நான் அச்சடித்துக் கிழிப்பேன்.

மணிக்கு ஐம்பத்தெட்டு ரூபாய்.
எட்டு மணி நேரம் தாண்டினால் இரட்டிப்பு, நூற்றுப் பதினாறு.
நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது,
மேலே கண்ணாடி, கண்ணாடிக்குப் பூட்டு.

மூன்றாம் நம்பர் மிஷினில் டெல்பின்.
குறும்பனைக்காரி. காலை ஆறு மணி ஷிப்ட்.
இரண்டு மணிக்குச் சங்கு ஊதும்.
மாற்று ஆள் சஜிதா திங்கள்நகரிலிருந்து வரவேண்டும்,
வழியில் பார்வதிபுரம்.
பார்வதிபுரத்தில் பஸ் என்ன பாடுபடும் என்று
இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.
ஆளில்லாமல் விட்டால் நூல் அறும்,
அறுந்தால் அபராதம்,
அதனால் நிற்பாள்.
பதினொன்று. ஒன்பது. பதினாலு. பதிமூன்று.

பதினைந்து ஆகாத நிமிஷம்
எங்கள் கணக்கில் நிமிஷமே இல்லை.

ஒரு புதன்கிழமை வேண்டுமென்றே
விரலை நீட்டியபடி மிஷின் முன்னால் நின்றாள்,
இரண்டு பதினாலு, பதினைந்து ஆகட்டும் என்று.
ஆனது. இருபத்தொன்பது ரூபாய்.
கேட்டைத் தாண்டும்போது குளச்சல் வண்டியின்
முதுகுதான் தெரிந்தது.
அடுத்தது மூன்று மணிக்கு.

நேற்று அந்த வண்டியைத் தானாகவே போகவிட்டுவிட்டு
என் மேசைக்கு வந்தாள்.
கோயில் காலண்டர் தாளின் பின்பக்கம்
தேதி தேதியாக நிமிஷம்.
அடியில் ஒரு கோடு, கோட்டின் கீழே 289.

"நீங்க போட்டிருக்க வலைக்கு கண்ணு பெருசு சார்.
பதினைஞ்சுக்கு கீழ உள்ளதெல்லாம் நழுவிப் போவுது."

அது ரவுண்டிங் என்றேன்.
எனக்கே காதில் விழாத குரலில்.

"எங்க வீட்டுக்காரரு சின்னக் கண்ணு வலை போட்டா
அதிகாரி வந்து படகைப் பிடிச்சு வைப்பாரு.
குஞ்சு தப்பிச்சு வளரணுமாம்.
இது தப்பிச்சு எங்க போயி வளருது?"

மிஷின் எதையும் மறப்பதில்லை,
காட்டாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
திறந்து பார்த்தேன்.
அந்த ஒன்பது நிமிஷத்தில் விழுந்த முடிச்சுகள்
மூன்றாம் நம்பர் உற்பத்தியில்
ஒன்றுகூடக் குறையாமல் ஏறியிருந்தன.
அந்த ஒன்பது நிமிஷம் மட்டும் எங்கும் ஏறவில்லை.

கூட்டினேன். 291 வந்தது.
"ரெண்டு நிமிஷம் விட்டுட்டீங்க. பதினெட்டாம் தேதி."

"விடல்ல சார்.
அன்னைக்கு கரை சேந்தாச்சுன்னு அவரு போன் பண்ணினாரு.
ரெண்டு நிமிஷம் பேசிப்போட்டேன்.
அது கம்பெனி நேரம் இல்லல்லா."

சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு
மூன்று மணி வண்டிக்குப் போனாள்.
தாளை விட்டுவிட்டுப் போனாள்.

இன்று எல்லோரும் போனபின்
செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன்.
ஒரு சின்னக் கட்டம், அதற்குள் 15.
அழித்துவிட்டு 1 என்று அடித்தேன்.
நூற்று நாற்பத்து மூன்று பேர் சம்பளமும்
ஒரே நேரத்தில் கொஞ்சம் அசைந்தது.
அடியில் வந்த மொத்தத்தைப் பார்த்ததும்
ஒரு வெப்ராளம்.
தாணுமூர்த்தி சார் நாளைக் காலை வருவார்.
சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது திரை.

மணி ஏழு நாற்பது.
என் வேலை ஆறு மணிக்கு முடிந்தது.
எனக்கு மாதச் சம்பளம், விரல் கிடையாது.
சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் ஷிப்ட்
முடிச்சு விழுகிற சத்தம்.

பதினெட்டாம் தேதிக்கு நேரே
மிஷின் சொன்னதைப் போடுவதா, அவள் சொன்னதையா,
அதைத்தான் யோசிப்பதாக
என்னிடமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மூன்று ரூபாய் எண்பத்தேழு பைசா வித்தியாசம்.